வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் வரைய வேண்டுமா?

பெயரையும் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களையும் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 41. பத்திரிகை ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்தவர், ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸ் எழுத்தாளராகப் பணியாற்றிவருகிறார். நிறுவனங்களுக்கான கட்டுரைகள், பாடநூல் அத்தியாயங்கள், பிறர் மேடையில் பேசுவதற்கான உரைகள், மொழிபெயர்ப்புகளைச் செம்மைப்படுத்துவது என்று இப்போது ஐந்து வாடிக்கையாளர்கள். காலை ஏழு மணிக்குக் கணினி முன் உட்கார்ந்தால் இரவு பத்து மணிக்கும் எழ முடிவதில்லை. இடையில் வீட்டு வேலைக்குப் போகும் நேரத்தைக் கழித்தாலும் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்குக் குறையாது என்று கணக்கிட்டிருக்கிறார்.

பென்சில் ஓவியம், மாடியில் பத்துப் பன்னிரண்டு செடித்தொட்டிகள், தோழியுடன் மாலை நடை: இவருடைய விருப்பங்கள் இந்த மூன்றுதான். மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. ஓவிய நோட்டைத் திறந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. அதன் கடைசிப் பக்கத்தில், ஜன்னல் விளிம்பில் தூங்கும் பூனையின் தலையும் முன்னங்கால்களும் மட்டும் இருக்கின்றன. வரைந்துகொண்டிருந்தபோது ஒரு வாடிக்கையாளரின் அழைப்பு வந்தது. பேசி முடித்துத் திரும்பியபோது பூனை எழுந்து போயிருந்தது. அண்மையில் 12 வயது மகள், பள்ளியில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தவள், பாதியில் நிறுத்திவிட்டு, “அம்மா, நீ இங்கதான் இருக்கியா?” என்று கேட்டிருக்கிறாள். கடிதம் எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான் என்கிறார்.

வேலையும் வருமானமும் நன்றாக இருக்கும்போது படம் வரைய நேரமில்லை என்று வருந்துவது நன்றிகெட்டத்தனமா, நேரத்தைத் திட்டமிடத் தெரியாததுதான் தன் குறையா என்று கேட்கிறார். ஒரு வாடிக்கையாளர், ஓவியம் பழகுவதைப் பற்றி இவரே வரைந்த படங்களுடன் வாரம்தோறும் ஒரு தொடர் எழுதித்தரக் கேட்டிருக்கிறார். அதை ஏற்றால் வேலையும் விருப்பமும் ஒன்றாகிவிடும் அல்லவா என்பது அடுத்த கேள்வி. இன்னொரு வாடிக்கையாளர் இரவு பத்து மணிக்கு மேல் திருத்தம் கேட்கிறார், நான்கைந்து முறை மாற்றி எழுதவைக்கிறார், பணத்தை மூன்று மாதம் இழுத்தடிக்கிறார். அவரிடம் கறாராக இருந்தால் வேலை கைவிட்டுப் போய்விடாதா என்பது கடைசிக் கேள்வி.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தேன்: “வேலை முடிந்தால்.” வேலை முடிந்தால் வரையலாம், வேலை முடிந்தால் செடிகளைப் பார்க்கலாம், வேலை முடிந்தால் தோழியை அழைக்கலாம். ஐந்து இடங்களில் இப்படி எழுதியிருக்கிறீர்கள். அலுவலகத்தில் இருந்த காலத்தில் இதற்குப் பொருள் இருந்தது. இதழ் அச்சுக்குப் போகும், விளக்கை அணைப்பார்கள், நீங்கள் வீட்டுக்குக் கிளம்புவீர்கள். இப்போது வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. ஒரு கட்டுரையை அனுப்பிய மறுநிமிடம் அடுத்ததற்கான குறிப்புகள் காத்திருக்கின்றன. அவையும் இல்லாவிட்டால் புது வாய்ப்பு தேடும் வேலை இருக்கிறது. ஆகவே உங்கள் ஓவியம் முறை வராத வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது. நேரத்தை இன்னும் கொஞ்சம் திறமையாகப் பங்கிட்டாலும் அந்த வரிசை நகராது, ஏனென்றால் மிச்சமாகும் ஒவ்வொரு மணி நேரத்தையும் அடுத்த வேலை எடுத்துக்கொள்ளும். உங்களிடம் திட்டமிடும் திறமை குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. வேலைக்கு ஒரு கரை கட்ட வேண்டியது நீங்கள்தான் என்பதை இதுவரை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நன்றிகெட்டத்தனம் என்ற சொல்லைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நல்ல வருமானத்துக்காக உழைப்பைக் கொடுத்துவிட்டீர்கள். அந்தக் கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் உங்கள் மாலை நேரத்தையும் யாருக்கும் நன்றிக்கடனாகச் செலுத்த வேண்டியதில்லை.

நேரம் எங்கே போகிறது

எழுதுகிறவர்கள் தாங்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாட்கள் என்றார்கள். எல்லாமே கோளாறாகப் போனால் எத்தனை நாள் என்று கேட்டதற்கு ஏறத்தாழ 49 நாட்கள் என்றார்கள். உண்மையில் ஆனது சுமார் 55 நாட்கள். அவர்கள் கற்பனை செய்த மோசமான நிலையைவிடவும் அதிகம். இவர்கள் சோம்பேறிகள் அல்லர். வேலையை மனத்தில் ஓட்டிப்பார்க்கும்போது அது தடையில்லாமல் போவதாகவே காண்பது மனித இயல்பு. நீங்களும் “இரண்டு நாளில் தருகிறேன்” என்று ஒப்புக்கொள்ளும்போது எழுதும் நேரத்தை மட்டும் எண்ணுகிறீர்கள். விளக்கம் கேட்டு எழுதும் மடல்கள், தரவு சரிபார்ப்பது, இன்வாய்ஸ் போடுவது, அதை நினைவூட்டுவது, மறுநினைவூட்டல் அனுப்புவது ஆகியவற்றுக்கெல்லாம் உங்கள் கணக்கில் இடமே இல்லை.

ஆகவே முதலில் இரண்டு வாரம் ஒரு குறிப்பு எழுதுங்கள். செயலி எதுவும் தேவையில்லை, ஒரு தாளில் மூன்று நெடுவரிசைகள் போதும்: பணம் வரும் எழுத்து, அந்த எழுத்தைச் சுற்றிய கூலியில்லாத வேலை, இரண்டிலும் சேராத நேரம். எந்த வாடிக்கையாளருக்காக என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தாள் இல்லாமல் கட்டணத்தைப் பற்றியோ, யாரை விடுவது என்பதைப் பற்றியோ எடுக்கும் எந்த முடிவும் ஊகமாகத்தான் இருக்கும்.

அந்த மூன்றாம் நெடுவரிசையில் ஒன்றை எதிர்பார்க்கிறேன். கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் கடந்துபோன செய்தி அது: பழுது பார்க்க வருபவருக்காகக் காத்திருப்பது, உறவினருக்கு மருத்துவரிடம் நேரம் வாங்குவது, பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் போவது எல்லாம் உங்கள் பொறுப்பு, ஏனென்றால் நீங்கள் “வீட்டில்தானே” இருக்கிறீர்கள். வீட்டில் இருப்பதும் ஓய்வாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை உங்கள் கணவரிடம் அந்தத் தாளையே காட்டிச் சொல்லுங்கள். கோபத்தோடு சொல்வதைவிட எண்ணிக்கையோடு சொல்வது இந்த விஷயத்தில் நன்றாக எடுபடுவதை என்னிடம் வருகிறவர்களிடம் பலமுறை பார்த்திருக்கிறேன்.

“நீ இங்கதான் இருக்கியா?”

உங்கள் மகளின் கேள்வி குற்றச்சாட்டு அல்ல, சரியான கவனிப்பு. ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்கு மாறும்போது மனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் விளக்கினார். அதைக் கவன எச்சம் என்று சொல்லலாம். எழுத்து வேலையில் இது மிகவும் கூடுதல். பாதியில் நின்ற ஒரு பத்தி, நீங்கள் காய் நறுக்கும்போதும் தன் அடுத்த வரியைத் தேடிக்கொண்டிருக்கும். மகள் பேசுகிறாள், உங்கள் கண்கள் அவள் மேல் இருக்கின்றன, காதில் மட்டும் யாரோ ஒரு நிறுவனத் தலைவருக்கு எழுதிக்கொடுக்க வேண்டிய உரையின் தொடக்க வாக்கியம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. அதே ஆய்வாளர் தெரசா கிளோம் என்பவருடன் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வேலையைப் பாதியில் விடுவதற்கு முன் எங்கே நிறுத்தினோம், திரும்பி வந்ததும் முதலில் எதைச் செய்யப்போகிறோம் என்று ஒரு நிமிடம் குறித்துவைத்தவர்கள் அடுத்த வேலையில் தெளிவாக ஈடுபட்டதைக் கண்டார்கள். கணினியை மூடுவதற்கு முன் இரண்டு வரி எழுதுங்கள்: “மூன்றாம் பத்தியில் நிற்கிறேன். நாளை காலை அந்தப் புள்ளிவிவரத்தைச் சரிபார்த்துவிட்டுத் தொடர வேண்டும்.” மனம் அந்தப் பொறுப்பைத் தாளிடம் ஒப்படைத்துவிடும். முழுவதும் விடுபடுவீர்கள் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் மகளின் பேச்சு பாதியில் நிற்காத மாலைகள் கூடும்.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

60 மணி நேரம் என்பதை நீங்கள் சற்றுப் பெருமையுடன் எழுதியிருப்பதாகத் தோன்றியது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் ஆபத்து சுமார் 17 சதவீதமும் அதிகம். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வேலை நேரத்தைக் குறைப்பது ஆசைக்குச் செய்துகொள்ளும் ஆடம்பரம் என்று இனி நினைக்காமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

உங்களிடம் நேரில் கேட்க விரும்பும் கேள்வி ஒன்று உண்டு. ஒரு நாள் மதியம் எதிர்பாராமல் வேலை ரத்தானது, நோட்டை எடுத்தேன், மனம் ஓடவில்லை, திரும்ப வைத்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நேரம் இல்லாமல் வரையாதிருப்பது வேறு. நேரம் இருந்தும் வரையத் தோன்றாதிருப்பது வேறு. பணிச்சோர்வு என்பதை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் மூன்று அடையாளங்களால் விவரித்தது: ஆற்றல் வற்றிப்போவது, வேலையின் மீது விலகலோ கசப்போ வருவது, செய்யும் வேலை பயனற்றது போன்ற உணர்வு. அது வேலையோடு தொடர்புடைய நிலை. வேலைச்சுமை மாறும்போது பெரும்பாலும் தளரும். ஆனால் வரைவது மட்டுமல்லாமல் செடி, நட்பு, உணவு, உறக்கம் என்று எதிலுமே நாட்டமில்லாத நிலையோ, காரணமற்ற துயரமோ, நாளின் பெரும்பகுதியில் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது கால அட்டவணை உதவாது. தள்ளிப்போடாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தின் மற்ற பகுதிகளை வைத்துப் பார்க்கையில் அந்த நிலை தெரியவில்லை என்றாலும், கடிதத்தைப் படித்து நோயறிவது சரியன்று.

விருப்பத்தையே தொடராக்கலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். ஏனென்றால் உங்கள் யோசனை பார்வைக்கு மிகவும் நியாயமாக இருக்கிறது: வேலைக்கும் விருப்பத்துக்கும் இடையே இழுபறி, இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் இழுபறி தீர்ந்தது.

1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூவர் ஒரு மழலையர் பள்ளியில் செய்த ஆய்வைச் சொல்கிறேன். ஏற்கெனவே வரைவதில் ஆர்வம் கொண்ட சின்னக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பகுதியினரிடம் மட்டும், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். அவர்கள் வரைந்தார்கள், சான்றிதழும் பெற்றார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் பேனாக்களை மேசையில் வைத்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு இந்தச் சரிவு இல்லை. பணம் விருப்பத்தைக் கெடுத்துவிடும் என்று இதிலிருந்து பொதுவாக முடிவுகட்டிவிட முடியாது; எழுத்தை விரும்பித்தானே நீங்கள் எழுத்தாளரானீர்கள். ஆனால் “இதற்காகத்தான் செய்கிறேன்” என்ற எண்ணம் உள்ளே நுழையும்போது, சும்மா செய்துபார்க்கும் சுகம் இடம்பெயரக்கூடும்.

உங்கள் நிலைமையில் இது எப்படி நடக்கும் என்று எண்ணிப்பாருங்கள். செவ்வாய்க்கிழமை படம் வேண்டும். பூனை தூங்கவில்லை. புகைப்படத்தைப் பார்த்து வரைகிறீர்கள். காது சரியாக வரவில்லை. சும்மா வரைந்திருந்தால் பத்து நாள் அந்தக் காதோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள், இப்போது அனுப்பிவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறீர்கள். ஆறு வாரம் கழித்து, எந்தப் பொருளைப் பார்த்தாலும் இது எத்தனாவது அத்தியாயத்துக்கு ஆகும் என்றுதான் தோன்றும். ஆறாவது வாடிக்கையாளர் வந்திருப்பார். விருப்பம் என்று சொல்லிக்கொள்ள ஒன்று குறைந்திருக்கும்.

ஆகவே இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஓவியத்துக்குத் திரும்பி, ஓராண்டு அது உங்களுடையதாக மட்டும் இருந்த பிறகு, இந்த வாய்ப்போ இதைப் போன்ற ஒன்றோ வந்தால் மறுபடி யோசிக்கலாம். வருமானத்துக்காக இப்போதே ஏற்க வேண்டிய நிலை என்றால், ஏற்கெனவே செய்துவரும் வேலை ஒன்றை விட்டுவிட்டு அந்த இடத்தில் இதை வையுங்கள். எந்த நோட்டுப் படங்கள் தொடருக்குப் போகாது என்பதையும் முதலிலேயே பிரித்துவையுங்கள். இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: எழுத்துக்கு இருப்பதைப் போலவே உங்கள் படங்களுக்கும் தனிப் பதிப்புரிமை உண்டு. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பேர்ன் உடன்படிக்கையில் இணைந்த நாடுகளில் பொதுவாக அந்த உரிமைக்குப் பதிவு தேவையில்லை. படைத்தவரிடமே அது பிறக்கிறது. ஒப்பந்தத்தில் “எல்லா உரிமைகளும்” என்ற இரண்டு சொல்லுக்குக் கீழே கையெழுத்திட்டால் பிறகு உங்கள் படத்தை நீங்களே வேறிடத்தில் பயன்படுத்த அனுமதி கேட்க வேண்டிவரலாம். அந்தத் தொடரில் பயன்படுத்த மட்டுமே அனுமதி என்று எழுதி வாங்குங்கள்.

கறாராக இருந்தால் வேலை போய்விடுமா?

போகலாம். அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் நீங்கள் இரவு பத்து மணிக்குப் பதில் சொல்வதால்தான் வாடிக்கையாளர்கள் தங்கியிருக்கிறார்கள் என்ற எண்ணம் சரிதானா? மற்ற நால்வரும் பகலில்தான் பேசுகிறார்கள், சரியாகப் பணம் தருகிறார்கள், ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் உங்கள் எழுத்துக்காக வருகிறார்கள். இந்த ஒருவர் மட்டும் உங்கள் இரவுகளையும் சேர்த்து வாங்கியிருக்கிறார், விலை கொடுக்காமல்.

உங்கள் இரண்டு வாரக் குறிப்பு கைக்கு வந்ததும், அவர் தரும் தொகையை அவருக்காகச் செலவான மொத்த மணி நேரத்தால் வகுத்துப்பாருங்கள். நான்கைந்து சுற்றுத் திருத்தங்களையும் நினைவூட்டல்களையும் சேர்த்தால், ஐவரில் குறைந்த கூலி தருபவர் அவராக இருக்க வாய்ப்பு அதிகம். அதே சமயம் உங்கள் மாத வருமானத்தில் அவர் பங்கு எவ்வளவு என்றும் பாருங்கள். பாதிக்கு மேல் என்றால் பேச்சுக்கு முன் மாற்று வாடிக்கையாளர் ஒருவரைத் தேடிக்கொள்வது விவேகம். சிறு பங்கு என்றால் அடுத்த வேலையின் தொடக்கத்திலேயே பேசிவிடலாம். நடந்துகொண்டிருக்கும் வேலையின் நடுவில் நிபந்தனையை மாற்றினால் அது சண்டையாகும். புது வேலைக்கு முன் சொன்னால் அது நடைமுறையாகும்.

கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ, எழுத்தில் இருக்கட்டும். “இந்த வேலையிலிருந்து இரண்டு சுற்றுத் திருத்தம் கட்டணத்தில் அடங்கும், அதற்கு மேல் தனிக் கட்டணம். மாலை ஆறு மணிக்குப் பின் வரும் செய்திகளுக்கு மறுநாள் காலை பதில் அனுப்புவேன். தொகையில் ஒரு பகுதி முன்பணமாகவும், மீதி முப்பது நாட்களுக்குள்ளும் தேவை. பாதியில் வேலை கைவிடப்பட்டால் அதுவரை செய்ததற்குரிய தொகை தரப்பட வேண்டும்.” இவ்வளவு போதும். மன்னிப்போ நீண்ட விளக்கமோ சேர்க்காதீர்கள். விளக்கம் நீள நீள பேரத்துக்கு இடம் கொடுக்கிறோம். பழைய பாக்கி தீரும்வரை புதிய வேலையைத் தொடங்காமல் இருப்பது உங்களிடம் உள்ள வலுவான பிடி. அதற்கும் அசையாவிட்டால், தாமதமான பணத்தை வசூலிக்க உங்கள் நாட்டுச் சட்டம் தரும் வழியை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். அதற்கு ஆதாரம் தேவைப்படும் என்பதால் பழைய இன்வாய்ஸ்களையும் செய்திகளையும் இன்றே ஒரே இடத்தில் சேர்த்துவையுங்கள்.

எங்கிருந்து தொடங்குவது

மூன்று விருப்பங்களையும் ஒரே வாரத்தில் மீட்க முயலாதீர்கள். தோழியுடன் நடப்பதுதான் எளிது, ஏனென்றால் வாசலில் இன்னொருவர் காத்திருக்கும்போது நாம் எழுந்துவிடுகிறோம். வாரம் இரண்டு நாள், நேரம் குறித்து, இன்றே அவரை அழைத்துச் சொல்லுங்கள். செடிகளில் எத்தனை பிழைத்திருக்கின்றனவோ அத்தனை போதும். காய்ந்த தொட்டிகளைப் பற்றிய வருத்தத்தை வேறொரு பருவத்துக்கு ஒத்திவைக்கலாம்.

வரைவதை மாலையில் வைக்காதீர்கள். மாலை உங்களுடையது அல்ல என்று ஒன்பது ஆண்டுகள் எல்லோரையும் பழக்கியிருக்கிறீர்கள். காலை ஏழு மணிக்குக் கணினி முன் உட்காரும் நீங்கள், வாரத்தில் மூன்று நாள் அதே நாற்காலியில் அதே நேரத்தில் கணினியைத் திறக்காமல் உட்காருங்கள். முக்கால் மணி நேரம் நோட்டு, பென்சில். கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். ஏழே முக்காலுக்கு முன் எந்த வாடிக்கையாளரும் உங்களைத் தேடுவதாக நீங்கள் எழுதவில்லை. முதல் சில நாட்களில் கோடு நடுங்கும், எரிச்சல் வரும், “இந்த நேரத்தில் ஒரு பக்கம் முடித்திருக்கலாமே” என்று தோன்றும். தோன்றட்டும், எழுந்துவிடாதீர்கள்.

அந்தப் பாதிப் பூனையை முதலில் முடிக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஏழு மாதமாக நிலுவையில் இருப்பதால் அதுவும் உங்கள் மனத்தில் கொடுத்துத் தீர்க்க வேண்டிய வேலைபோலவே உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வெற்றுப் பக்கத்தைத் திருப்புங்கள். பூனை அன்று எங்கே தூங்குகிறதோ அங்கே போய் உட்காருங்கள்.